முப்பது நாளும் முப்பத்தாறு மதிப்பெண்ணும்

மாசி பிறந்துவிட்டால் பத்தாம் வகுப்பு மாணவி இருக்கும் வீடுகளின் சுவரில் ஒரு கால அட்டவணை ஏறிவிடும். அதிகாலை நான்கு மணிக்குக் கணக்கு, ஐந்தரைக்கு அறிவியல், இரவு எட்டு மணிக்கு ஆங்கிலம், பத்தரைக்கு உறக்கம் என்று சிவப்பு மையில் கோடிட்டுப் பச்சை மையில் எழுதப்பட்டிருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அட்டவணைக்குள் வாழும் மாணவி யார் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். அவளுக்குத் தண்ணீர் பிடிக்கும் வேலை இல்லை. தம்பி தங்கை இல்லை. அவள் ஏறும் பேருந்து ஒருநாளும் தாமதமாவதில்லை. காய்ச்சலும் தலைவலியும் அவளை அண்டுவதே இல்லை. அப்படி ஒருத்தி நம் வகுப்பில் இல்லை. ஒகேனக்கல்லில் எந்தத் தெருவிலும் இல்லை. இல்லாத ஒருத்திக்காக வரைந்த அட்டவணை மூன்றாம் நாளே பொய்த்துப் போவதில் வியப்பென்ன? பழி மட்டும் இருக்கிற நம்மேல் வந்து விழுகிறது: "இவளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை."

எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பது பற்றிப் பத்தாம் வகுப்பினராகிய எங்கள் கருத்தை இந்த ஆண்டு மலரில் கூற விரும்புகிறோம். மற்றப் பாடங்களை விட்டுவிட்டு ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எந்தப் பாடத்தைக் கண்டு மிகவும் அஞ்சுகிறோமோ அந்தப் பாடத்துக்குத்தான் நாம் மிக மோசமாகத் திட்டமிடுகிறோம்.

முதலில் நாள் கணக்கைப் பார்ப்போம். மாதத்துக்கு முப்பது நாள் என்று பெயர். நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்பது வேலை நாள். பெங்களூரு, சேலம், கிருஷ்ணகிரி என்று பல ஊர்களிலிருந்து வண்டிகள் வந்து நிற்கும். அப்பா பரிசலுக்குப் போய்விடுவார். அல்லது எண்ணெய் தேய்த்துவிடும் வேலைக்குப் போய்விடுவார். அம்மா, சுற்றுலா வந்தவர்கள் வாங்கிக் கொடுத்த மீனைக் கழுவி, மசாலா அரைத்து, சமைத்துக் கொடுக்கவேண்டும். அன்று வீட்டில் இருக்கும் பெண் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார முடியாது. உட்கார்ந்தாலும் மனம் உட்காராது. ஆகவே நான்கு ஞாயிற்றுக்கிழமைகளையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். மிஞ்சியவை இருபத்தாறு நாட்கள். படிக்கவேண்டியவை ஐந்து பாடங்கள். அப்படியானால் ஆங்கிலத்துக்கு நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் என்பதே நேர்மையான கணக்கு. இருபத்தாறு நாளுக்கும் சேர்த்துப் பத்தொன்பதரை மணி நேரம் வருகிறது.

இது குறைவு என்று சிலருக்குத் தோன்றலாம். சுவரிலே தொங்கும் நூறு மணி நேரத்தை விட, கையிலே இருக்கும் பத்தொன்பதரை மணி நேரம் பெரியது என்பது எங்கள் எண்ணம். தமிழ்த் தேர்வுக்கும் ஆங்கிலத் தேர்வுக்கும் இடையே கிடைக்கும் விடுமுறையை நம்பிச் சிலர் இருக்கிறார்கள். 2025ஆம் ஆண்டில் மார்ச் 28 தமிழ், ஏப்ரல் 2 ஆங்கிலம். இடையில் நான்கு நாட்கள் கிடைத்தன. ஆனால் 2024இல் மார்ச் 26 தமிழ், 28 ஆங்கிலம்; நடுவில் இருந்தது ஒரே நாள். அந்த விடுமுறையைத் திட்டத்தில் சேர்ப்பது, மழை பெய்யும் என்று நம்பிக் கடன் வாங்குவது போல.

நிற்க. இந்தப் பத்தொன்பதரை மணி நேரத்தில் எதைப் படிப்பது? இங்கேதான் நாங்கள் வழக்கத்தோடு மாறுபடுகிறோம்.

வழக்கம் என்னவென்றால், கடைசி மாதம் முழுவதும் நோட்ஸ் புத்தகத்திலுள்ள பத்தி விடைகளை உருப்போடுவது. ஏழு உரைநடை, ஏழு செய்யுள், ஏழு துணைப்பாடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நீண்ட விடை. பொருள் புரிந்தாலும் புரியாவிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பது. நடுவில் ஒரு சொல் மறந்துவிட்டால் முழு விடையும் போய்விடும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தது போலத்தான்.

இப்போது வினாத்தாளை எடுத்து மேசைமேல் வைத்துப் பார்ப்போம். 2019–2020 கல்வியாண்டு முதல் முதல் தாள், இரண்டாம் தாள் என்ற பிரிவு நீங்கி, ஆங்கிலத்துக்கு ஒரே தாள் வந்துவிட்டது. மொத்தம் 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. அண்மை ஆண்டுகளின் வினாத்தாள்களில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. எழுதவேண்டிய இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10. ஐந்து மதிப்பெண் வினாக்கள் 10. எட்டு மதிப்பெண் வினாக்கள் 2. இவற்றில் உரைநடைப் பத்திக்கும் செய்யுள் பத்திக்கும் சேர்த்துக் கிடைப்பது 20 மதிப்பெண். நம் தூக்கத்தையெல்லாம் விழுங்குவது இந்த இருபதுதான்.

இன்னோர் இருபது இருக்கிறது. விளம்பரம் எழுதுதல், கடிதம், அறிவிப்பு, படத்தைப் பார்த்து எழுதுதல், குறிப்பெடுத்தல் அல்லது சுருக்கி எழுதுதல், பிழை திருத்தல் என்ற ஆறில் ஏதேனும் நான்கை எழுதினால் 20 மதிப்பெண். சிறு வரைபடத்தைப் பார்த்து வழி சொன்னால் 2. இலக்கணத்தில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் மூன்றுக்கு 6. பாடத்தில் இல்லாத ஒரு பத்தியையோ செய்யுளையோ படித்து விடை எழுதினால் 8. இவற்றைக் கூட்டிப் பாருங்கள். 36! நோட்ஸ் புத்தகத்தில் ஒரு வரியும் உருப்போடாமல், கையும் கண்ணும் பழகிய பழக்கத்தினாலேயே எட்டக்கூடிய மதிப்பெண் இது. ஒரு மதிப்பெண் வினாக்களிலும் முன்னிடைச்சொல், காலம், இணைப்புச்சொல், பன்மை என்று பல பழக்கத்தால் வருபவையே. அவற்றை நாங்கள் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆங்கிலத்தில் தோற்றுவிடுவோமோ என்று நடுங்கும் தோழிக்கு இந்த 36 என்பது காலூன்றிக்கொள்ளப் பாறை. தொண்ணூறு வாங்கவேண்டும் என்று எண்ணுகிறவளுக்கும் இது வீணாகாது. அவளும் இந்த இருபதைத் தாண்டித்தான் தொண்ணூறுக்குப் போகவேண்டும்.

"எல்லாம் சரி, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதத் தெரிந்தால்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்ல நாங்கள் வெளியூர் போகவேண்டியதில்லை. ஒகேனக்கல்லே போதும்.

நம் ஊரின் பெயரே கன்னடச் சொல். ஹொகே என்றால் புகை. கல் என்றால் பாறை. புகைபோல் சாரல் எழும் பாறை என்று பொருள். தமிழும் கன்னடமும் இங்கே ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும். பரிசல் ஓட்டும் அண்ணன்மார் கன்னடத்தில் பேரம் பேசுவதை எந்தப் பள்ளியில் கற்றார்கள்? வந்தவரிடம் பேசிப் பேசிக் கற்றார்கள். "நமக்கெல்லாம் இங்கிலீஷ் எங்கே வரப்போகிறது" என்று பெருமூச்சு விடும் அதே அம்மா, மீன் சமைத்த கூலியைக் கன்னடத்திலும் தெலுங்கிலும் கறாராகக் கேட்டு வாங்கிவிடுகிறார். மொழி வராதவர்கள் என்று நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வதில் உண்மை இல்லை.

வழி சொல்லும் வினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்து நிலையத்தில் இறங்கிய புதியவருக்குத் தொங்கு பாலத்துக்கும், பரிசல் துறைக்கும், முதலைப் பண்ணைக்கும் வழி சொல்லாத பிள்ளை நம் ஊரில் உண்டா? அதையே 'கோ ஸ்ட்ரெயிட்', 'டர்ன் லெஃப்ட்', 'இட் இஸ் நெக்ஸ்ட் டு' என்று நான்கு வரியில் எழுதினால் அதுதான் விடை.

ஆற்றில் நீர்வரத்து கூடினால் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும். எந்த நாள் முதல், எதற்குத் தடை, யாருடைய ஆணை என்று அறிவிப்பு சொல்லும். தேர்வில் கேட்கும் அறிவிப்பிலும் இருக்கவேண்டியவை இவைதாம்: யார் அறிவிக்கிறார், என்றைக்கு, என்ன செய்தி, கீழே ஒப்பம். விளம்பரத்துக்கோ குறைவே இல்லை. விடுதி, மீன் கடை, வாடகை வண்டி என்று வீதி முழுவதும் பலகைகள். அவற்றில் சிலவற்றிலுள்ள ஆங்கில எழுத்துப் பிழைகளைத் திருத்தினால் பிழை திருத்தும் வினாவுக்கும் பயிற்சியாகிவிடும்! (கடைக்காரர் காதில் விழாமல் திருத்துவது நல்லது.)

சுருக்கி எழுதுவதற்கு ஒரு பொருள் வேண்டுமா? நம் மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால் பற்களில் கறையும் எலும்புகளில் நோயும் உண்டாயின. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேறி, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் குழாய் வழியே போகிறது. இதை ஆங்கிலத்தில் பத்து வரி எழுதிவிட்டு, மறுநாள் அதையே மூன்று வரியாகச் சுருக்கிப் பாருங்கள். குழாயடியில் நின்றவளுக்கு இதில் சொல்வதற்குச் செய்தி இருக்கும். தேடவேண்டியது சொல் மட்டுமே.

ஆகவே எங்கள் திட்டத்தில் நாள்தோறும் முதல் இருபது நிமிடம் எழுத்து. ஒருநாள் அறிவிப்பு, ஒருநாள் கடிதம், ஒருநாள் படம், ஒருநாள் விளம்பரம். ஐந்தாறு சிறு வாக்கியம் போதும். நீண்ட வாக்கியம் எழுதும் ஆசையை இந்த மாதத்துக்குப் பெட்டியில் பூட்டி வைக்கலாம். கடிதத்தின் அமைப்பை இரண்டு நாளில் கற்றுவிடலாம். அனுப்புநர் முகவரி, நாள், விளிப்பு, செய்தி, முடிப்பு, உறைமேல் முகவரி, அவ்வளவுதான். அடுத்த பதினைந்து நிமிடம் இலக்கணம். ஒரு நாளைக்கு ஒரு வகை மட்டும். செய்வினையும் செயப்பாட்டு வினையும் ஒருநாள் என்றால், நேர்க்கூற்று அயற்கூற்று மறுநாள். மீதிப் பத்து நிமிடம் பாடநூலை வாய்விட்டு வாசித்தல். நோட்ஸ் புத்தகத்தை அல்ல, பாடநூலை!

செய்யுள் மனப்பாடத்துக்குத் தனி நேரம் ஒதுக்கவேண்டியதே இல்லை என்பது எங்கள் துணிபு. பென்னாகரத்துக்கு ஏறும் மலைப்பாதையில் பேருந்து ஊர்ந்து போகும் நேரம் எதற்கு இருக்கிறது? கோடையில் ஆற்றுத் தண்ணீரைத் தேடி வரும் யானைகள் சாலையில் நின்றுவிட்டால் இன்னும் ஒரு செய்யுள் கூடுதலாகப் படியும். ஆனால் வாயால் படித்ததை இரவில் ஒருமுறை எழுதிப் பார்க்கவேண்டும். ஐந்து மதிப்பெண் எழுத்துப் பிழையில் கரைவதும் உண்டு.

பத்தி விடைகளை விட்டுவிடச் சொல்கிறீர்களா என்று கேட்காதீர்கள். பாடத்தைக் கதையாக அறிந்திருந்தால் அதைச் சிறு வாக்கியங்களில் சொல்லிவிடலாம். பறக்க அஞ்சிய கடற்பறவைக் குஞ்சைத் தாய்ப்பறவை மீனைக் காட்டிப் பறக்க வைத்த கதையை, தம்பிக்குச் சொல்வது போல எட்டு வாக்கியத்தில் ஆங்கிலத்தில் எழுதினால் யார் மதிப்பெண் தராமல் போவார்? அதற்கு மாறாக, எந்தச் செய்யுளைக் கேட்டாலும் பெயரை மட்டும் மாற்றி எழுதும்படி 'பொதுப் பத்தி' ஒன்றைச் சிலர் கையிலே கொடுக்கிறார்கள். அதை நாங்கள் விரும்பவில்லை. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்றால் அது நம் வீட்டுக் கதவுக்கும் நல்லதல்ல. மெல்லக் கற்கும் மாணவி என்று பெயரிட்டு ஒருத்தியின் கையில் அந்தப் பத்தியைத் திணிக்கும்போது, உன்னால் சொந்தமாக நான்கு வாக்கியம் எழுத முடியாது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அவளே ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேருக்குக் கணக்குத் தவறாமல் மீன் சாப்பாடு எடுத்துக் கொடுப்பவள்.

நம் பாடநூலிலேயே 'தி லாஸ்ட் லெஸன்' என்ற பாடம் இருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் அல்ஃபோன்ஸ் தோதே எழுதியது. போரில் பிரான்ஸ் தோற்றபின், அல்சாஸ் பகுதிப் பள்ளிகளில் இனிப் பிரெஞ்சு கற்பிக்கக்கூடாது என்று ஆணை வருகிறது. நாளை படிக்கலாம், நாளை படிக்கலாம் என்று தாய்மொழிப் பாடத்தையே தள்ளிப்போட்ட சிறுவனுக்கு அன்றுதான் கடைசி வகுப்பு. அவனைக் குறைசொல்லும் ஆசிரியர், பெற்றோரையும் தம்மையும் சேர்த்தே குறைசொல்கிறார். பிள்ளையை வேலைக்கு அனுப்பிய பெற்றோருக்கும், செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்ன தமக்கும் அதில் பங்கு உண்டு என்கிறார். அந்த இடத்தை வகுப்பில் வாசித்தபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்புள்ள பெற்றோரே, உங்களிடம் நாங்கள் கேட்பது பெரிதல்ல. இந்த மாதம் மட்டும் நாளுக்கு முக்கால் மணி நேரம் எங்களைக் கூப்பிடாமல் இருங்கள். எந்த முக்கால் மணி என்பதை நீங்களே சொல்லுங்கள். அடுப்பு வேலை முடிந்தபின் என்றாலும் சரி, விளக்கேற்றும் நேரம் என்றாலும் சரி. ஞாயிற்றுக்கிழமையை நாங்கள் கேட்கவில்லை. அது வீட்டுக்குச் சோறு போடும் நாள் என்பதை அறிவோம்.

இன்னொன்று. "பாஸானால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் மாப்பிள்ளை" என்று சில வீடுகளில் பேசுகிறார்கள். பெரியவர்கள் அதை விளையாட்டாகச் சொல்லலாம். கேட்கிற பெண்ணுக்கு அது விளையாட்டாக இருப்பதில்லை. அவள் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சொல் எழுத்துக்கு முன்னே வந்து நிற்கிறது. சிறுவயதுத் திருமணங்களை அதிகாரிகள் தடுத்து நிறுத்திய செய்தி நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிறையாமல் திருமணம் செய்வது 2006ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். 1098 என்ற எண்ணை நம் தோழியர் அனைவரும் அறிந்திருக்கவேண்டும். ஒரு பாடத்தில் தவறினால் ஓராண்டு வீட்டில் உட்காரவேண்டும் என்பதும் இல்லை. அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு நடக்கிறது. 2024இலும் 2025இலும் ஜூலை மாதத்தில் நடந்தது. தேறியவர்கள் அந்த ஆண்டே பதினோராம் வகுப்பில் சேரலாம். மார்ச்சுக்கும் ஜூலைக்கும் இடைப்பட்ட அந்த மூன்று மாதத்துக்குள் ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடிவு செய்துவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறோம்.

எங்கள் நலம் நாடும் அருட்சகோதரியருக்கும் ஒரு விண்ணப்பம். விடுதியில் நாலரை மணிக்கு எழுந்து படிப்பதை நாங்கள் குறைகூறவில்லை. ஆனால் அந்நேரத்தில் உருப்போடும் ஒலியைவிட எழுதும் ஓசை மிகுதியாகக் கேட்டால் நன்றாயிருக்கும். நாள்தோறும் ஐந்து பேருடைய அறிவிப்பையோ கடிதத்தையோ சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தால் போதும். ஒருத்தியின் பிழையில் மற்ற நால்வரும் கற்றுக்கொள்வோம். சனிக்கிழமைகளில் ஒன்றிரண்டிலாவது, மூன்று மணி நேரம் முழுத் தாளையும் எழுத வையுங்கள். பாதித் தாளை எழுதிப் பழகிய கை, தேர்வன்று பன்னிரண்டு மணிக்கே வலிக்கத் தொடங்கிவிடுகிறது.

கடைசி மூன்று நாளில் புதிதாக எதையும் தொடவேண்டாம். இருபத்தாறு நாளும் எழுதிய தாள்களை நூலால் கட்டி வைத்திருந்தால், அதுவே நம் நோட்ஸ் புத்தகம். சிவப்பு மை இருக்கும் இடங்களை மட்டும் பார்த்தால் போதும். முதல்நாள் இரவு ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடலாம். நுழைவுச்சீட்டு, இரண்டு பேனா, முதல் பேருந்து. யானையை நம்ப முடியாது, இரண்டாம் பேருந்துக்காகக் காத்திருக்கவேண்டாம். பத்து மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். படித்துப் பார்க்கப் பத்து நிமிடம், விவரங்கள் நிரப்ப ஐந்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் பேனாவைத் தொடாமல், விளம்பரம் முதலான அந்த ஆறு வினாக்களில் எழுதப்போகும் நான்கு எவை என்று மட்டும் முடிவு செய்துகொள்வோம். பத்தேகாலுக்கு மணியடித்ததும், நினைவில் இருக்கும்போதே முதலில் மனப்பாடச் செய்யுள். அடுத்தது நாம் தேர்ந்த அந்த நான்கு.